வில்லியம் கார்ல்டன்: கருத்துநிலையும் யதார்த்தமும்

1879ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதத்தில் ஜேர்சித் தீவிலே தங்கியிருந்த கார்ல் மார்க்ஸ், அங்கிருந்து ஏங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், தாம் அப்பொழுது வாசித்த கதைத் தொகுதி ஒன்றைப் பற்றிச் சில வரிகள் குறிப்பிடுகின்றார். வில்லியம் கார்ல்டன் எழுதிய 'அயர்லாந்து விவசாயிகளின் இயல்புகளும் கதைகளும்' என்பதே அந்நூல். ஆசிரியர் நடைத்திறன் மிக்கவருமல்லர், கதையைக் கட்டியமைப்பதில் வல்லவருமல்லர். ஆயினும் விவசாயி ஒருவரின் மைந்தர் என்ற வகையில் லீவர், லவர் போன்றோரிலும் பார்க்கத் தமது பொருளை நன்கறிந்தவர். சித்திரிப்பின் உண்மையே அவரது தனித்தன்மை. மார்க்சின் மதிப்பீடு சுருக்கமாக இதுவே. சார்ள்ஸ் லீவரும் சாமுவேல் லவரும் அயர்லாந்துக்காரனை ஆங்கில வாசகரின் நகைப்புக்குரிய கோமாளியாக ஆக்கிப் பெரும் புகழும் பொருளும் ஈட்டிய எழுத்தாளர் என்பதை அறிந்தால், இம்மதிப்பீட்டின் கூர்மை புலனாகும்.

இலக்கிய விமர்சனத்திலே முற்போக்கு நோக்குடையோர் இக்குறிப்பை அவ்வப்போது எடுத்தாள்வதுண்டு. ஆனால் மார்க்ஸ் பாராட்டிய இவ்வெழுத்தாளரின் வாழ்க்கையைச் சற்று நெருங்கி நோக்குவோருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கின்றது. தமது மக்களின் மதத்தைத் துறந்து, அம்மதத்தை இழித்துரைப்பதற்கென்றே நடத்தப்பட்ட சஞ்சிகையொன்றிற் கூலிக்கு எழுதித் தமது இலக்கிய வாழ்வைத் தொடங்கியவர் கார்ல்டன். கத்தோலிக்கருக்கு அரசியல் உரிமை வழங்கலாகாது என வாதிடுவோருக்குச் சான்று திரட்டித் தருவதாக, 1826இல் உள்நாட்டமைச்சராயிருந்த சேர் றொபேட் பீலுக்கு எழுதியவரும் அவரே. இத்தகைய ஒருவரிடமிருந்து அயர்லாந்து விவசாயியின் மெய்யான உருவம் எவ்வாறு வெளிப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா.

கார்ல்டன் 1794இல் வட அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்தில், குளொஹர் என்னும் சிற்றூருக்கு அண்மையிற் பிறந்தார். பதினான்கு பிள்ளைகளுள் இளையவர். தந்தை சிறு குத்தகை நிலத்தை உழுதவர். ஐரிஷ், ஆங்கிலம் ஆகிய இருமொழியும் அறிந்தவர். பழங்கதைகளும் மந்திரங்களும் புனிதர் வரலாறுகளும் அவரது நினைவில் நிறைந்திருந்தன. தாயார் அப்பகுதியிற் பெயர்பெற்ற பாடகி. ஐரிஷ் மொழிப் பாடலொன்றை ஆங்கிலத்திற் பாடும்படி ஒருமுறை கேட்கப்பட்டபொழுது அவர் மறுத்துவிட்டாராம். ஐரிஷ்ச் சொற்கள் இசையோடு உருகிக் கலந்துவிடுகின்றன, ஆங்கிலச் சொற்களோ அதனோடு சண்டையிடும் கணவன் மனைவியரைப் போல் நிற்கின்றன என்பது அவர் கூறிய காரணம். மகன் பின்னாளில் எழுதப்போகும் மொழியின் சிக்கல் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது.

கல்வி, வேலியோரப் பள்ளிகளிலே கிடைத்தது. கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவதைத் தடைசெய்த 1695ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாகத் தோன்றியவை இப்பள்ளிகள். வேலி மறைவிலும் களஞ்சியத்திலும் மண்குடிசையிலும் ஆசிரியர் ஒருவர் கிராமத்தார் தரும் கூலிக்குப் பாடஞ் சொன்னார். 1782இல் தடை தளர்ந்த பின்னரும் ஏழை மக்களுக்கு வேறு பள்ளி இல்லாமையால் இவை நிலைத்தன. கிறேக்கம், இலத்தீன், கணிதம் ஆகியவற்றுடன் பிரம்படியும் அங்கு தாராளமாகக் கிடைத்தது. கார்ல்டனின் ஆசிரியர் பற் பிறெயின் என்பவர், 'வேலியோரப் பள்ளி' என்ற கதையில் மற் கவனா என்னும் பாத்திரமாகப் பின்னர் உருப்பெற்றார். ஆடம்பரச் சொற்களை அள்ளி வீசும் அறிவுச் செருக்கும், குடியும், கொடுமையும், கூடவே உண்மையான கல்விப் பற்றும் கலந்த அவ்வுருவம் அயர்லாந்து இலக்கியத்தின் மறக்கவொண்ணாப் படைப்புக்களுள் ஒன்று.

இளைய மகனைக் குருவானவராக்க வேண்டுமென்பது குடும்பத்தின் எண்ணம். நிலத்தை நம்பி வாழவியலாத குடியானவக் குடும்பத்துக்கு ஒரு மகன் குருவாவதென்பது ஆன்மிகப் பேறு மட்டுமன்று, சமூக ஏணியின் ஒரு படியும் ஆகும். மன்ஸ்ரர் மாகாணத்துக்கு 'ஏழை மாணவ'னாக அவர் புறப்பட்டார். இடைவழியில், வெறிகொண்ட காளையொன்று தம்மைத் துரத்துவதாகக் கனவு கண்டு வீடு திரும்பிவிட்டார். பின்னர் டெர்க் ஏரித் தீவுக்கு யாத்திரை சென்றார். பட்டினியும் உறக்கமின்மையும் வெறுங்காலுடன் கல்லில் நடத்தலும் கொண்ட அக்கடுந்தவம் அவரது பக்தியை வளர்ப்பதற்குப் பதிலாகக் குலைத்துவிட்டது. இதற்கிடையே குடும்பம் நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 'றிபன்' இயக்கம் எனப்பட்ட கத்தோலிக்க விவசாயிகளின் இரகசிய அமைப்பிலும் அவர் இளமையிற் சத்தியப் பிரமாணஞ் செய்திருந்தார். இவையாவும் இருபத்துநான்கு வயதுக்குள் நிகழ்ந்தவை. நிலம், மதம், இரகசியச் சங்கம் ஆகிய மூன்றையும் உள்ளிருந்து கண்ட இத்தகைய அனுபவம் அக்கால அயர்லாந்தில் ஆங்கிலத்தில் எழுதிய வேறெவருக்கும் இருந்ததாகச் சொல்லவியலாது.

1818இல் அவர் டப்ளின் நகரை அடைந்தபோது சட்டைப்பையில் இருந்தது இரண்டு சிலிங்கும் ஒன்பது பென்சும். பிச்சைக்காரரும் முடவரும் படுத்துறங்கும் நிலவறையில் ஓரிரவு கழித்தார். பறவைகளின் உடலைப் பாடஞ்செய்து விற்கும் ஒருவரிடம் வேலை கேட்டுச் சென்றார். பறவைக்குள் எதை வைத்து அடைப்பாய் என்று அவர் வினவ, உருளைக்கிழங்கும் மாவும் என்றார் கார்ல்டன். படையிற் சேர விரும்பிக் கேணல் ஒருவருக்கு இலத்தீனிலே விண்ணப்பம் எழுதினார். இவை நகைச்சுவையாகவே வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. கிராமத்திற் பெரும் பேறாகக் கருதப்பட்ட கல்வி நகரச் சந்தையில் என்ன விலை பெற்றது என்பதை அவை காட்டுகின்றன என்றே கொள்ளல்வேண்டும்.

அந்தக் கல்விக்கு விலை கொடுக்க முன்வந்தவர்கள் புரட்டஸ்தாந்து நிறுவனத்தாரே. ஞாயிறு பாடசாலைச் சங்கத்தில் எழுதுவினைஞர் பதவி, சிறு பள்ளிகளில் ஆசிரியத் தொழில், புரட்டஸ்தாந்துக் குடும்பத்திலே திருமணம், அயர்லாந்துத் திருச்சபையில் இணைவு என்ற வரிசையில் வாழ்க்கை நகர்ந்தது. 1820களில், கத்தோலிக்கரை மதம் மாற்றும் முயற்சி அரசியல் வேகத்தோடு நடந்தது. டானியல் ஓ கொனலின் தலைமையிலே கத்தோலிக்க உரிமை இயக்கம் மறுபுறம் வளர்ந்தது. இத்தருணத்திலே பாதிரியார் சீசர் ஒற்வே தமது 'கிறிஸ்தவப் பரிசோதகன்' என்னும் சஞ்சிகைக்கு எழுதும்படி கார்ல்டனைத் தூண்டினார். டெர்க் ஏரி யாத்திரை பற்றிய அவரது முதற் படைப்பு 1828இல் அதில் வெளிவந்தது. மூடநம்பிக்கையை அம்பலப்படுத்தல் ஒற்வேயின் நோக்கம். கார்ல்டன் அதனை நிறைவேற்றினார். ஆனால் அம்பலப்படுத்த வேண்டிய ஒவ்வொன்றையும் அதன் மணமும் ஒலியும் கெடாமல் எழுதினார். யாத்திரிகர் வெறும் மூடராகத் தோன்றாது பசித்த, களைத்த, நகைச்சுவையுணர்வு மிக்க மனிதராகத் தோன்றினர். ஒற்வே எதிர்பார்க்காதது இது.

1830இலும் 1833இலும் இரு வரிசைகளாக வெளிவந்த 'இயல்புகளும் கதைகளும்' அவருக்குப் பெயர் தேடித் தந்தது. இந்நூலை அவர் இலண்டனிலன்றி டப்ளினிலே பதிப்பித்தமை கவனிக்கத்தக்கது. 1801இல் நடைமுறைக்கு வந்த ஒன்றிணைப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம் அயர்லாந்துக்கும் விரிவுபடுத்தப்பட, ஆங்கில நூல்களை மலிவாக மறுபதிப்புச் செய்து வாழ்ந்த டப்ளின் அச்சுத் தொழில் படுத்துவிட்டது. எழுத்தாளர் இலண்டனுக்குக் கப்பலேறுவது வழக்கமாயிற்று. உள்ளூரிலேயே எழுதி உள்ளூரிலேயே வெளியிட்டுத் தம்மால் வாழ முடிந்தது என்பதைப் பின்னாளில் அவர் பெருமையோடு குறிப்பிட்டார்.

ஆயினும் யாருக்காக எழுதினார்? 1841ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் அரைவாசிக்கும் அதிகமானோர் எழுத வாசிக்க அறியாதோர். கதையின் மாந்தர் கதையை வாசிக்கவியலாதோர். வாசித்தவர் டப்ளினின் நடுத்தர வர்க்கத்தினர், பெரும்பாலும் புரட்டஸ்தாந்தினர். அவர்களுக்கு அப்பால் ஆங்கிலேயர். இதனாலேயே இக்கதைகளிற் கதைசொல்லி அடிக்கடி நின்று, இவ்வழக்கத்தின் பொருள் இது, இச்சொல்லின் விளக்கம் இது என அடிக்குறிப்புப் போட்டுச் செல்கின்றார். தம் தாயையும் தந்தையையும் அந்நியருக்கு அறிமுகஞ் செய்துவைக்கும் நிலை அது. விவரணப் பகுதிகள் அக்கால உயர்குடி ஆங்கிலத்தில் விறைத்து நிற்க, உரையாடலில் மட்டும் ஐரிஷ் மொழியின் தொடரமைப்பும் வசவும் வாழ்த்தும் புகுந்து உயிரோட்டம் தருகின்றன. மார்க்ஸ் கண்ட நடைக்குறை இந்தப் பிளவிலேதான் பிறக்கின்றது. இதனை ஆற்றற்குறை என்று மட்டும் ஒதுக்கிவிட நாம் தயங்குகின்றோம்.

யதார்த்தம் தன்னளவிலேயே எழுத்தாளனின் கருத்தை வென்றுவிடும் என்று சொல்வது நம்மிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. மார்கிறற் ஹார்க்னெசுக்கு 1888இல் ஏங்கெல்ஸ் எழுதிய கடிதத்தில், பால்சாக்கைப் பற்றிக் கூறியதை எவ்விடத்தும் ஒட்டிவிடுகின்றனர். கார்ல்டன் விடயத்தில் இது பாதி உண்மையே. 'வைல்ட்கூஸ் லொட்ஜ்' என்ற புகழ்பெற்ற கதை இதற்குச் சான்று. 1816 ஒக்ரோபர் இறுதியில், லவுத் மாவட்டத்தில் வீடொன்று நள்ளிரவிலே தீயிடப்பட்டது. குழந்தை உட்பட எண்மர் மாண்டனர். அதற்கு முன்பு அவ்வீட்டினர் தம் வீட்டைத் தாக்கியோருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தனர். அவர்களுள் மூவர் தூக்கிலிடப்பட்டிருந்தனர். தீவைப்புக்காகப் பின்னர் பதினெண்மர் தூக்கிலேறினர். அடுத்த ஆண்டு அவ்வழியே சென்ற கார்ல்டன், தலைவனெனக் கருதப்பட்ட பற்றிக் டெவானின் உடல் தார் பூசித் தொங்கவிடப்பட்டிருக்கக் கண்டார். அக்காட்சியிலிருந்து பிறந்த கதையை, தாமே அக்கூட்டத்திலிருந்தவர்போலத் தன்மையிடத்தில் எழுதினார். கூட்டம் தேவாலயத்திலே கூடுவதும், தலைவனின் முகத்திற் படரும் பேய்ச் சிரிப்பும், எரியும் வீட்டின் ஒளியும் வாசகரை நடுங்கவைக்கின்றன. ஆனால் நெப்போலியனுக்கு எதிரான போர் 1815இல் முடிந்தபின் தானிய விலை வீழ்ந்ததும், குத்தகை குறையாமல் நின்றதும், நிலமிழந்தோர் இரவிலே திரண்டதும் கதையில் இல்லை. கொடுமை காரணமற்ற தீமையாக நிற்கின்றது. நுணுக்கமான சித்திரிப்பு இருந்தும் ஒற்வேயின் வாசகர் விரும்பிய முடிவையே அது அவர்களுக்கு அளித்தது. இயக்கத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரே அதன் நியாயத்தை மௌனமாக்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

எனில் மாற்றம் எப்போது வந்தது? 1840களில், தேசிய இயக்கத்தின் எழுச்சியோடுதான். 1842இல் தொடங்கிய 'தேசம்' பத்திரிகையும் அதனைச் சூழ்ந்த தோமஸ் டேவிஸ் முதலான இளைஞரும், மத வேறுபாடு கடந்த அயர்லாந்து வாசகர் கூட்டமொன்றை உருவாக்கினர். கார்ல்டனுக்கு முதன்முறையாக வேறொரு வாசகர் கிடைத்தனர். பழைய கதைகளின் புதிய பதிப்பில், கத்தோலிக்கரைப் புண்படுத்திய பகுதிகள் பலவற்றை அவர் திருத்தினார். 1845இல் வெளிவந்த 'வலன்ரைன் மக்ளச்சி' என்னும் நாவல், நிலப்பிரபுவின் காரியஸ்தனையும், ஒறேஞ்ச் சங்கத்தாரையும், வேதவசனத்தை உதட்டிலே வைத்திருக்கும் வழக்கறிஞன் சொலமன் மக்ஸ்லைமையும், தாம் முன்னர் ஊழியஞ் செய்த மதமாற்ற இயக்கத்தையும் ஈவிரக்கமின்றித் தாக்குகின்றது. நத்தாருக்கு முன்னாளில் குடியானவர் வீடுகளிலிருந்து விரட்டப்படும் அத்தியாயம், நிலவெளியேற்றம் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவற்றுள் மிக வலிமையானது. நூல் முழுமையும் சீரானதன்று. வில்லன்களின் பெயர்களே கேலிச்சித்திரத்தனமானவை. ஆனால் ஒரு தோட்ட நிர்வாகம் போல் இயங்கும் நிலப்பண்ணை எந்தெந்தக் கைகள் வழியாகக் குத்தகையைக் கறக்கின்றது, எவ்வாறு வாக்குரிமையும் மதமும் அதற்குக் கருவியாகின்றன என்ற பொறிமுறை இங்கு தெளிவாகத் தெரிகின்றது. வைல்ட்கூஸ் லொட்ஜிற் காணாத காரணம் இங்கு காணப்படுகின்றது.

அதே ஆண்டின் இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்குப் பயிரைப் பூஞ்சண நோய் தாக்கியது. 1841இல் 81 இலட்சத்துக்கு மேலிருந்த அயர்லாந்தின் குடித்தொகை 1851இல் 65 இலட்சமளவிற்குக் குறைந்தது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டனர். அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு நீங்கினர். பஞ்சம் தொடங்கியிருந்த 1846இலேயே 'கறுப்புத் தீர்க்கதரிசி' என்னும் நாவலைக் கார்ல்டன் தொடராக வெளியிட்டார். வெளியிட்டது பழைமைவாதிகளின் ஏடாகிய 'டப்ளின் பல்கலைக்கழகச் சஞ்சிகை' என்பது வரலாற்றின் விளையாட்டு. கதை நிகழும் காலம் 1817ஆம் ஆண்டுப் பஞ்சம். இளமையில் அதனைக் கண்டவர் அவர். 1822ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் நினைவுகளும் உடன் கலந்தன. பழைய பஞ்சத்தைச் சொல்லி, வந்துகொண்டிருக்கும் பஞ்சத்தை எச்சரித்தார்.

இந்நாவலின் கதைப்பின்னல் பழைய கொலை மர்மம் ஒன்றைச் சுற்றியது. தீர்க்கதரிசனம் சொல்லித் திரியும் டொனல் டூ அதன் மையம். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அக்காலச் சந்தைக்குரிய சரக்கு அது. ஆனால் ஸ்கினாட்றே என்னும் மா வியாபாரியின் கடைக்குள் நாவல் நுழைந்ததும் வேறொரு எழுத்தாளரைச் சந்திக்கின்றோம். செழிப்பான காலத்தில் வாங்கிச் சேர்த்த ஓட்ஸ் மாவைப் பஞ்சத்துக்காகக் காத்துவைத்த உலோபி அவன். வாயில் எப்போதும் இரக்கமொழி, கையில் தராசு. பசித்தோர் ஒவ்வொருவராக வந்து கடன் கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் அனுதாபம் கிடைக்கின்றது, மா கிடைப்பதில்லை. கைவிடப்பட்ட இளந்தாய் பெகி மேர்ட்டா வெறுங்கையோடு திருப்பியனுப்பப்படுகின்றாள். அவளை இந்நிலைக்குள்ளாக்கிய ரொம் டால்ட்டன் வியாபாரியைத் தாக்குகின்றான். பின்னர் ஊரே திரண்டு கடையைச் சூறையாடுகின்றது. முன்னைய கதையில் இரவுக் கூட்டத்தைப் பேய்க் கூட்டமாக எழுதிய அதே பேனா, இங்கே கூட்டத்தின் வெறியை அதன் வயிற்றிலிருந்து விளக்குகின்றது. உணவு ஏற்றிய வண்டிகள் துறைமுகம் நோக்கிச் செல்ல, அவ்வீதியிலேயே பிணஊர்வலங்கள் எதிர்ப்படுவதையும் அவர் காட்டுகின்றார். நாட்டிலே உணவு முற்றாக இல்லாமற் போகவில்லை, வாங்கும் சக்தியே இல்லாமற் போனது என்பதைப் பொருளியலாளரின் கலைச்சொற்கள் எவையுமின்றி அவர் கண்டுகொண்டார்.

கண்டதும், கண்டதிலிருந்து பெற்ற முடிவும் ஒன்றல்ல. 1847இல் நூல் வெளிவந்தபோது அதனைப் பிரதம மந்திரி ஜோன் றசல் பிரபுவுக்குச் சமர்ப்பித்தார். அயர்லாந்தின் நிலைக்கு நெடுநாளைய ஆங்கில ஆட்சிமுறையே பொறுப்பு என்னும் மனக்குறை அச்சமர்ப்பணத்தில் ஒலிக்கின்றது. ஆனால் மனு கொடுப்பவரின் குரலில் ஒலிக்கின்றது. சந்தையில் தலையிட விரும்பாத அரசாங்கத்தின் தலைவரிடமே முறையீடு. மறுவருடம் அவருக்கு ஆண்டுக்கு 200 பவுண் அரச உபகாரச் சம்பளம் வழங்கப்பட்டது. மூத்த நாவலாசிரியையான மரியா எட்ஜ்வேர்த் முதலாக, மதத்திலும் அரசியலிலும் எதிரெதிரான பலர் அதற்கான விண்ணப்பத்தில் கையொப்பமிட்டிருந்தனர். இதனைக் கைக்கூலி எனச் சொல்வது அநியாயம். இருபது ஆண்டுகள் எழுதியும் பதிப்புரிமைகளை அவசரத்துக்கு விற்றுக் கடனிலேயே உழன்ற ஒருவருக்கு அப்பணம் மூச்சுவிட இடந்தந்தது. ஆனால் பஞ்சத்திற்குப் பின் அவரது எழுத்து தளர்ந்தது என்பதும் உண்மை. 1848இல் வெளிவந்த 'அகடாராவின் குடிபெயர்ந்தோர்' இறுதிச் சிறப்பு எனலாம். அவர் எழுதிய மக்களே செத்தும் கப்பலேறியும் மறைந்துகொண்டிருந்தனர். அவர்கள் பேசிய மொழியும் உடன் மறைந்தது.

அவரது நூல்களுள் மக்களிடையே மிக அதிகமாகப் பரவியது 1855இல் வெளிவந்த 'வில்லி றைலி' என்பது வேடிக்கை. கத்தோலிக்க வாலிபனுக்கும் புரட்டஸ்தாந்துக் கனவானின் மகளுக்கும் இடையிலான காதலை, பழைய நாட்டுப்பாடலொன்றைத் தழுவிச் சொல்லும் இந்நாவல் மீண்டும் மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. 1831இல் தொடங்கிய தேசியப் பாடசாலைத் திட்டத்தால் ஆங்கிலம் வாசிக்கக் கற்ற புதிய தலைமுறையினர், அதாவது அவர் எழுதிய விவசாயிகளின் பிள்ளைகள், இறுதியில் அவரது வாசகராயினர். அவர்கள் கையில் எடுத்தது அவரது பலவீனமான நூலை. ஸ்கினாட்றேயின் கடையை அவர்கள் மீண்டும் காண விரும்பாதிருந்திருக்கலாம். அவர்களைக் குறைகூற நாம் யார்?

கார்ல்டன் 1869 சனவரி 30ஆந் திகதி டப்ளினிற் காலமானார். பூர்வீக மதத்துக்கு அவர் திரும்பவில்லை. 1889இல் கவிஞர் யேற்ஸ் அவரது கதைகளைத் தொகுத்து வெளியிட்டு, அயர்லாந்தின் பெரும் நாவலாசிரியர் இவரே என வாதிட்டார். கத்தோலிக்கப் பத்திரிகைகள் சில அதனை விரும்பவில்லை. இருபதாம் நூற்றாண்டில் பற்றிக் கவனா போன்ற, தாமே மண்ணில் உழைத்து எழுத வந்த கவிஞர் அவரைத் தம் முன்னோராகக் கண்டனர். 1984இல் சீமஸ் ஹீனி வெளியிட்ட நெடுங்கவிதையில், டெர்க் ஏரி செல்லும் வீதியில் கார்ல்டனின் ஆவி எதிர்ப்படுகின்றது.

இறுதிக் காலத்தில் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கியிருந்தார். டி. ஜே. ஓ டொனஹு அதனைத் தொடர்ந்து நிறைவுசெய்து 1896இல் வெளியிட்டார். பெற்றோர், வேலியோரப் பள்ளி, யாத்திரை, றிபன் சத்தியம், தார் பூசிய டெவானின் உடல், டப்ளின் நிலவறை ஆகியவை எல்லாம் அதில் விரிவாக உள்ளன. கார்ல்டன் தம் கையால் எழுதிய பகுதி, அவரது இலக்கிய வாழ்வு தொடங்கும் கட்டத்தை அணுகும்போது நின்றுவிடுகின்றது. ஒற்வேயின் சஞ்சிகைக்கு எழுதிய ஆண்டுகளைப் பற்றி அவரே சொல்லக்கூடிய சாட்சியம் நமக்குக் கிடைக்கவில்லை.